விறகுப் பக்கத்து இடம்

"தீயைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூச்!" என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிஸுரு எச்சரித்துவிட்டாள்.

சொல்வது சுலபம். கியோஹரு ஒசாகாவில் தீயணைப்பு வீரன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அடுப்பு எங்கே, ஓட வழி எங்கே என்று அவன் கண் தானாகத் தேடும். இன்று நுழையப்போவதோ புல் வேய்ந்த வீடு. அதுவும் அவளையே பெண் கேட்டு.

"போன வருஷம் டவுன்லேர்ந்து ஒருத்தர் வந்து, புல் கூரைக்குக் கீழ இப்படி நெருப்பு எரிக்கலாமான்னு கேட்டுட்டார். அப்பா அவருக்கு டீ கூடக் குடுக்கல. புகை படலேன்னா கூரையில பூச்சி வெச்சிடும், தெரியுமா? எங்க கணப்பு ஒருநாளும் அணைஞ்சதில்ல."

"சரி, சரி. வாயே திறக்கல."

மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டு இறவாணத்தில் தோலுரித்த சீமைப்பனிச்சம் பழங்கள் சரம் சரமாகக் காய்ந்தன. உள்ளே கூடத்தின் நடுவே சதுரக் குழியில் கணப்பு எரிந்தது. சுற்றிலும் குச்சியில் செருகிய ஆற்று மீன்கள் சாம்பலில் நின்றபடி வெந்துகொண்டிருந்தன.

வாசலைப் பார்த்த பக்கம் சிஸுருவின் அப்பா தொகுஜி சம்மணமிட்டிருந்தார். அது வீட்டுத் தலைவரின் இடம். சமையல்கட்டுப் பக்கம் அம்மா ஃபுஸாயே. எதிரே விருந்தாளிப் பக்கத்தில் கியோஹருவுக்கு உட்கார மெத்தை போட்டு டீ கொடுத்தார்கள். நாலாவது பக்கத்தில் விறகுக் கட்டும் ஒரு கிழட்டுப் பூனையும்.

"அங்க யார் உக்காருவாங்க?" என்று சிஸுருவிடம் கிசுகிசுத்தான் கியோஹரு.

"வீட்டுப் பையனுங்க. விறகு தள்றது அவங்க வேலை. அண்ணன் நகோயா போனதுலேர்ந்து பூனைதான்."

தொகுஜி தொண்டையைச் செருமினார். "என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

"அரசாங்க வேலைங்க."

"அரசாங்கத்துல என்னன்னு?"

கியோஹரு பதில் சொல்வதற்குள் கணப்பிலிருந்து ஒரு பொறி படக்கென்று துள்ளிப் பாயில் விழுந்தது. அவன் கையிலிருந்த டீ யாரையும் கேட்காமல் அதன் மேல் பாய்ந்தது. பாதி பாயில், பாதி பூனையின் மேல்.

பூனை சீறிக்கொண்டு பரணுக்குத் தாவியது.

"தீயணைப்பு வேலையோ?" என்றார் தொகுஜி.

"ஆமாம் மாமா."

"யாருய்யா உனக்கு மாமா?"

அதற்குப் பிறகு மீன்கூட வாய் திறந்து பேசியிருக்கும், தொகுஜி பேசவில்லை. ஃபுஸாயே ஊறுகாய்த் தட்டை மூன்று முறை முன்னால் நகர்த்தினாள். கியோஹரு காற்று வாங்கும் சாக்கில் வெளியே நழுவினான்.

மழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். கூரையின் தெற்குச் சரிவு முழுவதிலும், ஒவ்வொரு புல் நுனியிலிருந்தும் புகை குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது!

"தீ! எல்லாரும் வெளிய வாங்க!"

பாதையோரத்துக் குட்டிக் கொட்டகையில், கூரைத் தீயை அணைக்க வைத்திருக்கும் தண்ணீர்ப் பீரங்கி இருப்பதை வரும்போதே அவன் பார்த்து வைத்திருந்தான். கதவை உதைத்துத் திறந்து, பிடியைத் திருகினான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சீறிக்கொண்டு கூரை உச்சிக்கு மேலே வில்லாக வளைந்தது. பழச் சரங்கள் அறுந்து பறந்தன. அதே நேரத்தில், என்ன கூச்சல் என்று பார்க்க மீன் குச்சியோடு வாசலுக்கு வந்தார் தொகுஜி. தண்ணீர் அவரையும் மீனையும் சேர்த்து நனைத்தது.

பின்னாலேயே ஓடி வந்த சிஸுரு தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது தீ இல்ல! நனைஞ்ச கூரையில வெயில் பட்டா ஆவி வரும். கணப்புப் புகையும் சேர்ந்து வரும். மழை விட்டா தினமும் இதே கூத்துதான்!"

ஆனால் விஷயம் கைமீறிவிட்டது. அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் தண்ணீர் எழும்பினால் அடுத்த வீடு ஏன் என்று கேட்காது. தன் பீரங்கியைத் திறந்துவிடும். பக்கத்து வீட்டில் ஒரு வில் எழுந்தது. அதற்கடுத்து இன்னொன்று. மேட்டில், ஓடைக்கரையில், கோயிலடியில் என்று ஊரே தண்ணீர்த் திரைக்குள் போய்விட்டது. எதிர்வீட்டு கென்ஸாக்கு பாதி முகத்தில் சவர நுரையோடு பிடியில் தொங்கிக்கொண்டு அதைத் திருகினார்.

"எங்க தீ? எங்க தீ?" என்று கத்தினார் அவர்.

கியோஹரு பிடியை மூடினான். முழங்காலில் விழுந்து நெற்றி சேற்றில் படக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க ஐயா. நான் கிளம்பறேன்."

தொகுஜி முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். சென்ற மாத ஒத்திகையின்போது, அதிகாரிகள் முன்னிலையில், கென்ஸாக்கு நூடுல்ஸ் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பீரங்கிக்கு வந்தார். அந்த அவமானத்தில் தொகுஜி ஒரு வாரம் தெருவில் நடக்கவில்லை.

"யோவ் கென்ஸாக்கு! இன்னிக்கு மட்டும் எப்படிய்யா ஓடி வந்தே?"

"அந்தப் பையன் கத்தின கத்துல ரேஸரை முழுங்கியிருப்பேன்! நீ ஒத்திகையில சங்கு ஊதினா தூக்கம்ல வருது."

தொகுஜி விறுவிறுவென்று உள்ளே போனார். போய்ப் பாயைத் தடவினார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஃபுஸாயே! ஒரு சொட்டு இறங்கலடி! அவ்வளவு தண்ணிக்கும் ஒரு சொட்டு!" அந்தத் தெற்குச் சரிவை வசந்தத்தில் வேய்ந்தது அவர் மேற்பார்வையில்தான்.

கியோஹரு தயங்கித் தயங்கி உள்ளே வந்து, ஈரம் சொட்ட விருந்தாளி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அங்கேர்ந்து எழுந்திரு" என்றார் தொகுஜி.

அவன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். எல்லாம் முடிந்தது.

"எங்க போறே? அது விருந்தாளி உக்கார்ற இடம். உன் இடம் இதோ." ஈர மீனால் விறகுக் கட்டைச் சுட்டிக்காட்டினார். "வருஷா வருஷம் ஒத்திகைக்கு நீதான் வந்து கத்தணும். இப்ப விறகைத் தள்ளு, குளிருது."

சிஸுரு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தீயணைப்பு வீரன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தீயை ஊதி வளர்த்தான். புகை முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் கொட்டியது.

"அழறியா என்ன?"

"புகைங்க... மாமா."

தொகுஜி மீனைத் திருப்பிக் கணப்பில் செருகினார். இந்த முறை, யாருய்யா என்று கேட்கவில்லை.