பால் இறங்கும் நேரம்

வியாழக்கிழமை விடியற்காலையில் செவலைப் பசு விட்ட உதையில் செம்பு உருண்டு சாணத்தில் போய் விழுந்தது. சிந்துவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் குத்தவைத்து ஞானசீலன் பீச்சியது அரை டம்ளர்கூடத் தேறாது. மாடு திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குள் முகத்தை விட்டுக்கொண்டது.

கொட்டாம்பட்டியைத் தாண்டி நான்குவழிச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர். அங்கே முப்பது குடும்பங்கள் உள்ள சபைக்கு ஞானசீலன் உபதேசியார். வேத வசனத்தைப் பாலோடு ஒப்பிட்டுச் சொல்லும் பகுதி அவருக்குக் கைவந்தது. கலப்படமில்லாத பால், பசித்த குழந்தை, தாயின் மடி என்று அவர் பேசப் பேசப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வருகிற ஞாயிற்றுக்கும் அந்தப் பகுதிதான். ஆனால் பால் என்பது அவருக்கு டம்ளரில் வந்து சேர்கிற ஒன்று. மாட்டுக்குத் தீவனம் வைப்பது, கறப்பது, வீடுவீடாகக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் மனைவி தங்கத்தின் பாடு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் தொழுவத்துக்குள் போனது கரண்டு பல்பு மாற்றத்தான்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி ஓரம் வழுக்கி விழுந்ததில் தங்கத்துக்கு வலது மணிக்கட்டு முறிந்துபோனது. ஆறு வாரம் கட்டு. புதன்கிழமை பக்கத்து வீட்டு முத்துச்செல்வி வந்து கறந்து கொடுத்தாள். கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தங்கம் அவள் பக்கத்திலேயே நின்றாள். அன்று சாயங்காலமே முத்துச்செல்வி மகள் பிரசவத்துக்காக அவனியாபுரம் போய்விட்டாள். வலி மாத்திரை போட்டுத் தங்கம் தூங்கிக்கொண்டிருந்ததால், எழுப்ப மனமில்லாமல் ஞானசீலன் தானே செம்பை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தார்.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் மடி கல்லாகிவிட்டது. தொட்டால் அனல். ஊட்ட விட்ட கன்றையும் செவலை உதைத்துத் தள்ளியது. தங்கம் வந்து இடது கையால் காம்பைப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கட்டுப்போட்ட கை சுவரில் இடித்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு காம்பு செத்துப்போச்சுன்னா செத்ததுதாங்க. அதுக்கு என்ன வலி வலிக்குதோ, வாயில்லாத சீவன்."

ஞானசீலன் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். மருத்துவர், காலையில் வருவதாகவும், அதுவரை எப்படியாவது மடியில் பால் தங்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

"சோணையைக் கூப்பிடுங்க" என்றாள் தங்கம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீடுதான். மூன்று மாடு வைத்திருக்கிறவன். போன ஈற்றில் செவலை கன்று போட்டபோது, வழக்கப்படி கருப்பு சாமி கோயிலுக்கு ஒரு செம்பு சீம்பால் கேட்டு வந்திருந்தான். தங்கம் எடுக்கப் போனாள். "கல்லு மேல ஊத்தறதுக்கு எங்க வீட்டுல பால் கெடையாது" என்று ஞானசீலன் நடுவாசலில் நின்று சொன்னார். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெறும் செம்போடு சோணை திரும்பிப் போனான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அவர் போனபோது சோணை புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சோணை... மாடு பால் விட மாட்டேங்குது."

சோணை நிமிர்ந்தான். "மதினிக்குக் கை எப்படிண்ணே இருக்கு?" என்றான். பதிலுக்கு நிற்காமல் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வெந்நீரில் துணி நனைத்து மடிக்கு ஒத்தடம் கொடுத்தான். காம்பில் விளக்கெண்ணெய் தடவினான். கன்றைப் பிடித்து மெதுவாக விட்டுப் பார்த்தான். பிறகு அவனே உட்கார்ந்து கறந்தான். நாலு பீச்சு வந்தது, நின்றுவிட்டது. செவலையின் தொடையில் தட்டிக்கொடுத்தான்.

"கையில குத்தமில்லண்ணே. இது மதினி சத்தத்துக்குத்தான் விடும்."

"என்ன சத்தம்?"

சோணை அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "கறக்கும்போது செபம் பண்ணுவாகளேண்ணே. தெனம் காலையில வேலிக்கு அங்கிட்டு நின்னு பல்லு வெளக்குறப்ப கேக்கேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

ஞானசீலனுக்குத் தெரியாது. வீட்டில் செபம் செய்வது அவர். ஆமென் சொல்வது தங்கம். அவள் வாய்விட்டு செபம் செய்து அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து மாட்டின் தலைப்பக்கம் போட்டான் சோணை. தங்கம் தயங்கினாள். "இவுக முன்னாடியா?" என்றாள், கண்ணால் கணவரைக் காட்டி, வெட்கத்தில் சிறுபிள்ளைபோல. பிறகு மாட்டின் கழுத்தில் இடது கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரல்.

"அப்பா, இந்தப் பாலைக் குடிக்கிற வீட்டையெல்லாம் பாத்துக்கப்பா. சங்கிலி வீட்டுப் பேத்திக்கு எடை ஏறணும். ஆஷ்லின் டீச்சருக்கு வயித்துப்புண்ணு ஆறணும். தங்கப்பாண்டி வெளிநாட்டுலருந்து நல்லபடியா வந்து சேரணும். பால் வாங்காத வீட்டையும் பாத்துக்க. சோணைத் தம்பி மகளுக்கு நல்ல எடமா அமையணும். அன்னைக்கு இவரு பேசுனதை அவுக மனசுல வச்சுக்கக் கூடாது. இவருக்குத் தொண்டை கட்டாம இருக்கணும், ஞாயித்துக்கெழமை பேசணும்..."

மறுபடி கறக்க உட்கார்ந்த சோணை தலையைத் தூக்கவில்லை. செம்பின் அடியில் முதலில் தகரத்தில் மழை விழுவதுபோலச் சத்தம் கேட்டது. வர வர அது கனத்து, நுரைக்குள் புதைந்து, மூச்சுப்போல ஆனது. செவலை அசை போட ஆரம்பித்தது. தங்கம் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டே இருந்தாள். சபையில் அவருக்கே மறந்துபோன பேர்கள், சபைக்கு எந்தக் காலத்திலும் வராத பேர்கள். ஞானசீலன் தொழுவத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் அவர் குடித்த காப்பி இத்தனை பேரைத் தாண்டி வந்திருக்கிறது.

பாதியில் சோணை எழுந்துகொண்டான். "வாங்கண்ணே, ஒக்காருங்க. இழுக்காதீங்க. மேலருந்து ஒவ்வொரு வெரலா மூடிக்கிட்டே வாங்க."

ஞானசீலன் உட்கார்ந்தார். நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொள்ளச் சொன்னான். உள்ளே ஏதோ குமுறுவது நெற்றிக்குத் தெரிந்தது. அவர் விரல்களுக்குள் பால் சூடாக இறங்கியது.

"சோணை, அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

"மதினி காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல போலருக்கு" என்றான் அவன். "சூட்டோட ஒரு டம்ளர் காய்ச்சிக் குடுங்கண்ணே. நான் காலையில வாரேன்."

வெள்ளிக்கிழமை வந்த மருத்துவர் மடியை அழுத்திப் பார்த்துவிட்டு, ஊசிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு ஆராதனையில் ஞானசீலன் எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு மடித்துவிட்டார். தொழுவத்தில் நடந்ததை மட்டும் சொன்னார். மாடு உதைத்ததைச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். "இருவத்திரெண்டு வருசமா பாலைப் பத்தி ஒங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். என் வீட்டுல பால் எப்படி வருதுன்னு எனக்கு வியாழக்கெழமைதான் தெரிஞ்சுச்சு. கடவுளுக்கு நன்றி. சோணைக்கும் நன்றி. என் வீட்டுக்காரிக்கு நான் நன்றி சொன்னதே இல்ல. இப்பச் சொல்றேன்." அதோடு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்த பிரசங்கம் அது ஒன்றுதான். பெண்கள் பக்கத்தில் தங்கம், மாவுக்கட்டிலிருந்து பிரிந்த நூலை இழுத்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் பேர்களைச் சொல்ல, அவர் கறந்தார். செம்பு முக்கால் நிறைந்தது. கன்றை அவிழ்த்துவிட்டு எழுந்தபோது விரல்கள் பத்தும் வீங்கி மடங்க மறுத்தன.

"ஏங்க, கொண்டை அவுந்துருச்சு. ஒத்தக் கையால முடியல. செத்த முடிஞ்சு விடுறீங்களா?"

அவர் ஸ்டூலுக்குப் பின்னால் போய் நின்றார். முதல் தடவை சுற்றியது தோளில் சரிந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். "இறுக்கிப் பிடிங்க, வலிக்காது" என்றாள் அவள், திரும்பாமல். மூன்றாம் தடவை சுற்றிப் பிடித்தவருக்கு நுனியை எங்கே செருகுவதென்று தெரியவில்லை. பாதி நரைத்த அந்த முடியைப் பால் பிசுபிசுக்கும் விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, வெயில் மெல்லத் தொழுவத்துக்குள் ஏறிவர, அப்படியே நின்றார்.