வியாழக்கிழமைகளில் நலமாக இருப்பவர்

1

இந்தக் கதை சந்தேகத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், நடிக்கிறார் என்று நினைத்தேன். கொரோனா வந்து போய்ப் பதினான்கு மாதமாகிறது. காய்ச்சல் காலிசெய்துகொண்டு போய்விட்டதாம், களைப்பு மட்டும் குடித்தனம் நடத்துகிறதாம். யாருக்குத்தான் களைப்பில்லை? எனக்கில்லையா?

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். உடற்பயிற்சி சிகிச்சை மையத்திலிருந்து இந்த மாதக் கடைசிக்குள் தகுதிக் கடிதம் வந்தால் வேலை, வராவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வியாழக்கிழமை அக்காவுக்கு ஆபீஸ். அதனால் வாராவாரம் அவரை அங்கே காரில் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதுகிறவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்!

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"டிரெட்மில்லில் அத்தான் மாப்பிள்ளை மிடுக்கோடு நடந்தார்." (பொறாமை தெரிகிறது. அடித்துவிட்டேன்.)

"நோயாளி என்றால் நோயாளியைப் போல இருக்க வேண்டாமா என்று இந்தச் சமூகம்" (சமூகம் வந்தாலே கதை படுத்துவிடும்.)

நடந்ததையே எழுதுகிறேன். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட். அத்தானை டிரெட்மில்லில் ஏற்றி, விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டிவிட்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்பாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். மூன்று வரை சரி. நான்கு என்றால் மெஷினை நிறுத்தி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள்.

"எவ்ளோ சார்?"

"மூணு."

"நெஜமாவா?"

"அடிச்சுச் சொல்றேன், மூணுதான்."

"சார், இங்க யாரும் அசத்த வேண்டாம். இன்னிக்கு அளவு மீறினா உடம்பு இன்னிக்கே சொல்லாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் போட்டு அடிக்கும்."

(இதை அப்போது ஒரு காதால் கேட்டேன். இன்னொரு காது அத்தானை வேவு பார்த்துக்கொண்டிருந்தது. காது எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள், சந்தேகக்காரிக்கு எல்லா உறுப்பும் கண்தான்.)

மறுநாள் அக்கா போனில் அழுவாள். "எழுந்திருக்கவே முடியலடி அவரால."

"போக்கா! நேத்து என் கண்ணு முன்னாடி இருபது நிமிஷம் நடந்தாரு. பசப்பு காட்டுறாரு, நீயும் நம்புற."

இதை அக்காவிடம் சொன்னதோடு விட்டேனா? அண்ணனுக்கும் சொன்னேன். அண்ணிக்கும் சொன்னேன். சொன்னபோது நன்றாகவே இருந்தது.

3

ஒரு தடயம். ஒவ்வொரு நாளும் உடம்பு எப்படி இருந்தது என்று வீட்டில் எழுதிவர ஒரு தாள் கொடுப்பார்கள். அத்தான் அதை வியாழக்கிழமை காலையில், மையத்தின் வாசலில், என் கார் பானெட்டின் மேல் வைத்து ஒரே மூச்சில் நிரப்புவார். ஏழு கட்டத்திலும் "நலம்". பேனா என்னுடையது. பாருங்கள், பொய்க்கணக்கு எழுதுகிறார், ஆள் சரியான ஃபிராடு என்று நினைத்தேனே தவிர, நலமில்லாதவனாக நடிக்கிறவன் எதற்கு "நலம்" என்று எழுதப்போகிறான் என்று தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

4

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தேன்.

வாஷ்பேசினுக்குக் கீழே தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பாதியில் கை மேலே வரவில்லையாம். அக்கா முட்டிபோட்டு மிச்சத்தை மழித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கய்யா சிஐடி" என்றார் அத்தான். அதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது, அவமானம்தான்.

"அங்க மூணுன்னு சொன்னீங்களே அத்தான்?"

"நாலுன்னா நிறுத்திடும் அந்தப் பொண்ணு. நிறுத்தினா லெட்டர் ஏது?"

"நெஜமா எவ்ளோ?"

"ஏழு. சில வாரம் எட்டு." என் பக்கம் திரும்பி, "நான் நடிக்கறேன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னியாமே. அவன் எனக்கே போன் பண்ணி, ஆம்பளையா லட்சணமா வேலைக்குப் போங்க மாப்ளன்னான்."

அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் நடிக்கிறார் என்று கண்டுபிடித்தது சரிதான். எந்த இடத்தில் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

5

முடிவுகள்.

அ) பிசியோதெரபிஸ்டிடம் உண்மையைச் சொல்கிறேன். பயிற்சியைப் பாதியாகக் குறைக்கிறாள், உடம்பு மெல்லத் தேறுகிறது. கடிதம் இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலை போகிறது. அத்தான் என் முகத்தில் விழிப்பதில்லை.

ஆ) வாயை மூடிக்கொள்கிறேன். கடிதம் வருகிறது. சனிக்கிழமை காலை, ஒன்பதாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை

(இதை எழுதி முடிக்க மாட்டேன்.)

இ) அவரே மனம் மாறி உண்மையைச் சொல்கிறார். இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "கதையில நடக்கும்" என்றாள். "அப்ப நான் சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "அவர் நடிக்கறார்னு சொல்றதுக்கு என்னைக் கேட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

6

இன்று மையத்தில் கடைசிப் பயிற்சி நாள். கடிதம் மேஜைமேல் இருக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி. அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் அந்த ஏழு நலங்களையும் பார்க்கிறாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அவரைவிட்டு என்னிடம் திரும்புகிறாள்.

"நீங்கதானே மேடம் வாராவாரம் கூட வர்றீங்க? வீட்ல சார் எப்படி இருக்கார்? நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்."

எழுதுகிறவள்தானே முடிக்க வேண்டும் என்பீர்கள். இந்த மனிதரைப் பற்றி இதுவரை நான் முடிவுகட்டியது எதுவுமே உருப்படவில்லை. இரண்டாம் பகுதியில் நீங்களும் என்னோடு சேர்ந்து அவரைச் சந்தேகப்பட்டீர்கள்தானே? அப்படியென்றால் என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு.

அவள் பேனாவைத் திறந்துவிட்டாள். அத்தான் என்னைக் கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். ஏதாவது சொல்லுங்கள், சீக்கிரம்.