ஏழு வீட்டு இன்னாசியம்மாள்

முந்தின வருஷம் வைகாசியிலிருந்து மாசி வரை இன்னாசியம்மாள் ஒரே நேரத்தில் ஏழு வீடுகளில் குடியிருந்தார். ஏழு அடுப்பும் எரிந்தன, ஏழு கொடியிலும் சேலை காய்ந்தது. மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் ஏழு வாசலிலும் அவர் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி வீட்டில் எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மோர் ஏழு வீட்டிலும் ஒரே புளிப்பு என்று மட்டும் சொன்னார்.

ஊர் வெள்ளப்பாறைப்பட்டி, அன்னவாசலுக்கும் கீரனூருக்கும் நடுவில் இருக்கிறது. பாறையின் அடிவாரத்தில் இருக்கும் ஊருணித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. அந்தப் பாறையை உடைக்க ஒரு குவாரிக்காரர் அனுமதி கேட்டிருந்தார். வெடி வைத்தால் அடிப்பாறை விரிசல் விட்டு ஊருணி ஒரே கோடையில் இறங்கிவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். குடியிருப்புக்கு முன்னூறு மீட்டருக்குள் குவாரி வரக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் இருப்பது ஏழு வீடுகளோடு பாறைத் தெரு ஒன்றுதான். டைல்ஸ் ஒட்டிய, இரும்பு கேட் போட்ட நல்ல வீடுகள். ஆனால் கட்டியவர்களெல்லாம் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அளக்க வந்த அதிகாரிகள் ஏழு பூட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத வீடு குடியிருப்பில் சேராது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பூட்டு தொங்கியது உண்மைதான்.

அதன்பிறகுதான் ஊர்ப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. தலைவர் பெரியகருப்பன், தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து நின்றாலே கூட்டம் தொடங்கிவிட்டதாக நினைப்பவர். செயலாளர் கலைமதி, பள்ளிக்கூட டீச்சர். எந்தப் பொதுக்காரியத்துக்கும் அந்த ஊரில் தலைக்கட்டுக் கணக்குதான், குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு. புருஷன் இல்லாதவள் அரைத் தலைக்கட்டு. அவளுக்கு அரை வரி, கண்மாய் மீனில் அரைப் பங்கு. கூட்டத்தில் அவள் பேச்சுக்கும் அவ்வளவுதான் மதிப்பு. சங்கத்திலும் அதே கணக்கை வைத்தார்கள். இது அநியாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை, பழகிப்போயிருந்தது. கோயில் தெருவுக்கும் மாதா கோயில் தெருவுக்கும் ஆயிரம் வித்தியாசம் உண்டு, இதில் மட்டும் ஒற்றுமை.

பாறைத் தெருவில் யாராவது போய்க் குடியிருந்தால் தப்பிக்கலாம் என்று முதல் கூட்டத்தில் கலைமதி சொன்னபோது, ஆம்பிளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சொந்த வீட்டை விட்டுப்போட்டு அடுத்தவன் வீட்டில் போய் யார் படுப்பது? மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் தனியாக இருந்த இன்னாசியம்மாள்தான் அந்த ஏழு வீட்டுக்கும் சாவி வைத்துக் கூட்டிப் பெருக்கி வந்தவர். அவர் எழுந்தார்.

“சாவி எங்கிட்டதானே இருக்கு. நான் இருந்துக்கிறேன்.”

“எந்த வீட்டுலம்மா?” என்றார் பெரியகருப்பன்.

“எல்லாத்துலயுந்தான்.”

“அரைத் தலைக்கட்டு ஏழு வீட்டுக்கு எப்படிம்மா பத்தும்?” என்று அவர் கேட்க, கூட்டம் சிரித்தது. மறுநாள் காலையில் பாறைத் தெருவில் ஏழு வாசலிலும் கோலம் இருந்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி அளக்க வந்த அதிகாரி முதல் வீட்டில் இன்னாசியம்மாளைப் பார்த்தார், இரண்டாவது வீட்டிலும் பார்த்தார். “இப்பத்தானேம்மா அந்த வீட்டுல...” என்று இழுத்தார். “ஆமாங்க, அங்கிட்டும் நாந்தான். உள்ள வாங்க, வெயிலா இருக்கு” என்றார் அவர். ஒரு வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு கொதித்தது, இன்னொன்றில் கருவாடு. ஒருவரே ஏழு வீட்டில் இருக்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லாததால், ஏழும் குடியிருப்பு என்றே அதிகாரி எழுதிக்கொண்டு போனார். குவாரிக்காரர் விடுவாரா, மேலே முறையிட்டார். கடைசியாக ஒரு முறை எல்லாரும் சேர்ந்து வந்து பார்ப்பது, அதோடு முடிவு என்று ஆனது. மாசியில் நாள் குறித்தார்கள்.

ஏழு பேருக்கும் சேர்த்துத் தூக்கம் என்னவோ ஒன்றுதான் இருந்தது. இன்னாசியம்மாள் இளைத்துப்போனார். ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் ஏழிலும் முனகல் கேட்கும். அவருடைய ஓட்டு வீடோ பூட்டியே கிடந்தது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது, இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

திருச்சியில் கட்டிக்கொடுத்த மகள் பிளெஸ்ஸிக்கு முதல் பிரசவம். அம்மா வீட்டுக்கு வரவேண்டியவள், ஆனால் அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிகாரிகள் வர இருந்த அதே வாரத்தில்தான் அவளுக்கும் நாள். “பயமா இருக்கும்மா, நீ வா” என்று போனில் அழுதாள். சங்கத்தில் பேசினார்கள். ஏழு பேரில் ஒருவர் போனால் போதும், அந்த ஒரு வீட்டை எப்படியாவது சமாளிக்கலாம் என்று பெரியகருப்பன் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விடிந்ததும் ஏழு கேட்டும் திறந்தன. ஏழு இன்னாசியம்மாளும் ஆளுக்கொரு வயர்க்கூடையோடு தெருவுக்கு வந்தார்கள். ஏழு கூடையிலும் பூண்டும் பழைய பருத்திச் சேலைத் துணியும் இருந்தன.

பெரியகருப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார். “ஒருத்தர் போனாப் போதாதாம்மா? ஆறு பேர் இருங்களேன். ஊர் நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“இதுல எவ அவளுக்கு அம்மா இல்லைன்னு நீங்களே சொல்லுங்க. அவ இருந்துக்கிறட்டும்.”

பெரியகருப்பன் ஏழு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரால்தான் சொல்ல முடியும்? ஏழு சாவியும் அவர் கைக்கு வந்தன. டவுன் பஸ் கண்டக்டர் ஏழு மகளிர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கீரனூரில் ஏழு பேரும் திருச்சி பஸ்ஸுக்கு மாறி, உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்கள். திருச்சியில் ஒருவர் மட்டும் இறங்கினார். மகள் கையைப் பிடித்தபோது அவர் உடம்பு கனமாக, முழுதாக இருந்தது.

ஊரில் சாவிகள் பெரியகருப்பன் கையிலேயே கனத்துக்கொண்டிருந்தன. முதலில் கலைமதி ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு சங்கத்து ஆம்பிளைகளில் அடைக்கலம் ஒன்று, ஆண்டியப்பன் ஒன்று என்று ஆறு போயின. இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை. கடைசிச் சாவி தலைவருக்கே மிஞ்சியது. அதிகாரிகள் வந்த அன்று அவர் பாறைத் தெருவில் சாம்பாரைத் தீயவிட்டுக்கொண்டிருந்தார். அதே நேரம் தன் வீட்டில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை அவர் மனைவி பொன்னுத்தாய் பார்த்தார். மற்ற ஆறு பேருக்கும் அப்படித்தான் ஆனது. தீய்ந்த வாடைக்கு அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் குடித்தனம் நடக்கிறது என்பதில் சந்தேகப்படவில்லை. பங்குனியில் குவாரி கிடையாது என்று உத்தரவு வந்தது.

சித்திரையில் இன்னாசியம்மாள் மகளோடும் பேத்தியோடும் திரும்பி வந்தார். சொந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஒரே இடத்தில் படுத்து மறுநாள் உச்சி வரை தூங்கினார். எழுந்தபோது சங்கம் வாசலில் நின்றது. அவரை ஏழு தலைக்கட்டாகக் கணக்கு வைக்க முடிவாகியிருப்பதாகப் பெரியகருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“ஏழெல்லாம் எதுக்குங்க, அலுத்துப்போச்சு. ஒண்ணு போதும்” என்றார் இன்னாசியம்மாள். பேத்தியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். “ஆனா முழுசா ஒண்ணு.”

வைகாசியில் கண்மாய் வற்றியதும் மீன் பிடித்தார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு ஒரு முழுப் பங்கு போனது. அந்த ஊரில் புருஷன் இல்லாத மற்றப் பெண்களுக்கும் அப்படியே போனது. பாறைத் தெருவில் இன்றைக்கும் ஏழு வீட்டிலும் விளக்கு எரிகிறது. பெரியகருப்பன் இரண்டு வீட்டிலும் இருக்கிறார். சாம்பார் இன்னும் சரியாக வரவில்லை.