பதக்கத்தின் பின்பக்கம்

ஏழு தேர்தல்களில் ஜெயித்து இருபத்தெட்டு வருஷம் அமெரிக்க மாநிலம் ஒன்றின் கருவூலத் தலைவராக இருந்த ஆர்வில் டாஸ்ட்ருடின் பதவி முடியப் பதினோரு நாள் இருந்தது. மேஜைமேல் கிடந்த ஏலப் பட்டியலை அவர் தொடவில்லை. தொட்டால் கிழித்துவிடுவோமோ என்றிருந்தது.

கேட்பாரில்லாத வங்கிப் பெட்டகங்களில் இருப்பதெல்லாம் கருவூலத்துக்கு வரும். மூன்று வருஷம் பார்த்துவிட்டு மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். போர்ப் பதக்கங்களை மட்டும் விற்பதில்லை. அது சட்டமல்ல, ஆர்வில் வைத்த வழக்கம்.

"நாப்பத்தொரு பதக்கத்தையும் பழைய உலோகப் பொருட்கள்னு எழுதியிருக்கே," என்றார் ஆர்வில். " காயலான் கடைக்கா போடறே?"

ஆளுநரின் ஆளான கிரெய்க் ஹென்ஸ்லி சிரித்தான். "நீங்க கையெழுத்துப் போடலன்னா அடுத்து வர்றவர் போடுவார் சார். வருஷா வருஷம் பேப்பர்ல பேர் போட்டீங்களே, எத்தனை பேர் வந்தாங்க?"

"ஒன்பது பேர்."

"பாத்தீங்களா? யாருக்கும் வேணாம். உங்களுக்குத்தான் வேணும்."

அவன் போனதும் ஆர்வில் எழுந்தார். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸோடு நிலவறைக்கு இறங்கினார். இழுப்பறையிலிருந்து ஊதா நிறப் பதக்கம் ஒன்றை எடுத்தார். போரில் செத்தவனுக்குக் கொடுத்தது. கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்தபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தார். லாயிட் பெக்கர் என்று பொறித்திருந்தது.

"மார்லிஸ், இதைப் பேப்பர்ல எந்தப் பேர்ல போட்டோம்?"

"பெட்டகம் யார் பேர்லயோ அந்தப் பேர்லதான் சார். கிளாடிஸ் ஸ்வென்சன். அவன் பொண்டாட்டியா இருக்கும், மறுகல்யாணம் ஆகியிருக்கும். எப்பவும் இப்படித்தானே போடறோம்?"

"பெக்கர் வீட்டு ஆளுங்க ஸ்வென்சன்னு தேடுவாங்களா?"

மார்லிஸ் அடுத்த இழுப்பறையைத் திறந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு பதக்கங்களில் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைகளில் அந்த முப்பத்திரண்டு பெயர்களும் முழுப்பக்கத்துக்கு வந்தன. ஹென்ஸ்லி தொலைபேசியில் கத்தினான்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"விக்கறதுக்கு முன்னாடி என்ன விக்கறோம்னு ஊருக்குச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. சொன்னேன். இப்ப ஏலம் போடு பாக்கலாம்."

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே வாசலில் பிக்கப் வண்டிகள் நின்றன. முதலில் வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"லாயிட் எங்க அண்ணன். வியட்நாம்ல போனான்." பதக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "எத்தனை வருஷமா இங்க இருக்கு?"

"பதினாறு."

"எங்க?"

"இதே கட்டடத்துலதான். கீழே."

"எங்கம்மா போய் நாலு வருஷம்தான் ஆகுது. கடைசி வரைக்கும் இதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

ஹென்ஸ்லிமேல் இருந்த கோபமெல்லாம் இப்போது போக்கிடமில்லாமல் ஆர்விலின் நெஞ்சிலேயே நின்றது.

"தப்பு என்னோடது. நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க," என்றார்.

அவர் பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கையெழுத்து எங்க போடணும்?"