முட்டுக்கொடுத்த அகராதி

"டிவியை நிறுத்துங்கப்பா."

அடுக்களையில் அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. 'அப்பாகிட்ட எதை வேணா கேளு, டிவியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டுடாதே' என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தவள் அவள். பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கும் மனிதருக்கு வேறு என்ன சுகம் என்பது அம்மாவின் கட்சி.

"என்னது?" என்றார் அப்பா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நிறுத்துங்க. என் அகராதியை எடுக்கணும்."

கல்லூரியில் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. அந்த வீட்டுக்குள் வந்த முதல் தடித்த புத்தகம். வந்த வாரமே டிவி மேசையின் கால் ஒன்று முறிய, அப்பா அதை எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டார். 'அளந்து செஞ்ச மாதிரி இருக்குல்ல?' என்று பெருமை வேறு.

இப்போது வெளியூர் அச்சகம் ஒன்றில் மகளுக்குப் பிழைதிருத்தும் வேலை. போகக்கூடாது என்று அப்பா சொல்லியாகிவிட்டது. அவளுடைய பெட்டியோ காலையிலேயே தோழியின் அறைக்குப் போய்விட்டது.

"நீ போயிட்டா கீழ ஓடுறதை யாரு படிச்சுச் சொல்றது?"

அதுதான் அந்த வீட்டு வழக்கம். திரைக்கு அடியில் ஓடும் செய்தி வரியை, எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதிலிருந்து, அவள் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும், மறுநாள் பரீட்சை என்றாலும்.

"கத்துக்கொடுக்கிறேன்னு எத்தனை தடவை சிலேட்டோட வந்து உட்கார்ந்தேன்?"

"கண்ணு நீ இருக்கிறப்ப எனக்கெதுக்குடி எழுத்து?"

"கண்ணுக்குப் பசிக்காது, சம்பளமும் வாங்காது. எனக்கு ரெண்டும் வேணும்பா."

"வாயைப் பாரு!" என்று அம்மா ஓடி வந்தாள். "மூட்டை தூக்கிப் படிக்கவச்ச மனுஷன்டி!"

"மறக்கலைம்மா. அதுக்காக ஆயுசுக்கும் இதையே வாசிச்சுட்டு உட்கார்ந்திருக்க முடியாது."

அவள் குனிந்து, மேசையை ஒரு கையால் தூக்கி, அகராதியை உருவினாள். அட்டை நடுவில் குழிந்திருந்தது. மேசை சாய்ந்தது. அப்பா பாய்ந்து வந்து தோள் கொடுத்தார். அப்போதும் டிவியை நிறுத்தவில்லை. மூட்டைக்குக் கொடுக்கிற அதே தோள். திரையின் வெளிச்சம் அவர் கன்னத்தில் நெளிந்தது.

"கீழ என்னமோ ஓடுதே..." குரலில் கோபமே இல்லை. "என்னன்னு சொல்லேன்."

பழக்கதோஷம், அவள் கண் வரியைப் பிடித்துவிட்டது. உதடுகூட அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வரி ஓடி மறைந்தது.

அம்மா கொல்லைப்பக்கம் செங்கல் தேடப் போனாள். மகள் அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினாள்.