பின்னால் எடுக்கச் சொன்னது யார்

சவ வண்டி சந்துக்குள் திரும்பி நாற்பது அடி போவதற்குள் தாமியான் பிரேக்கை மிதித்தான். எதிரே ஒரு லாரி, வழி முழுக்க நிலக்கரியைக் கொட்டிவிட்டுப் பழுதாகி நின்றது. இரண்டு பக்கமும் செங்கல் சுவர். கதவைத் திறந்தால் ஒரு காலைக்கூட வெளியே வைக்க முடியாது.

"போச்சு. பன்னெண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துல பாதிரியார் நிப்பாரு, ஒரு மணிக்கு அங்க இன்னொரு சாவு," என்றான் தாமியான். "பின்னால எடுத்துச் சுத்திப் போயிரலாம்ணே. அஞ்சு நிமிஷம்."

பக்கத்து இருக்கையில் ஹூபர்ட் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெட்டிக்குள் அவன் அப்பா ரைமுண்ட் இருந்தார்.

யாரோ வண்டியைத் தட்டினார்கள். அப்பாவின் கால்பந்து அணிக்குப் பழைய கேப்டனான கெரார்ட் சுவரோடு ஒட்டி நகர்ந்து ஜன்னலுக்கு வந்துவிட்டான். கோட்டெல்லாம் சுண்ணாம்பு.

"கியர்ல கை வச்சே, தொலைச்சிருவேன். கோச் ஏறின வண்டி என்னிக்காவது பின்னால போயிருக்கா? கரியை நாங்க அள்ளுறோம். மம்மட்டி கேட்டிருக்கு."

"அள்ளி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகுமே!"

"ஆகட்டும்." கெரார்ட் ஹூபர்ட்டைப் பார்த்தான். "என்ன ரிவர்ஸு, உனக்குக் கை அரிக்குதா?"

பின்னால் நின்ற பழைய ஆட்டக்காரர்களில் ஒருவன் 'பீப் பீப்' என்றான். சாவு ஊர்வலமென்றும் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ரைமுண்ட் லேசுப்பட்ட ஆளில்லை. சுரங்கத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தவர். ஊர்க் கால்பந்துக் கழகத்தின் தடுப்பாட்டக்காரர், போலந்து நாட்டு அணியின் சட்டையில் ஒன்பது ஆட்டம். முழங்கால் போனதும் அதே கழகத்துக்குப் பயிற்சியாளர். ஆட்டத்துக்குப் போகும் பேருந்து பின்னால் போனால் தோல்வி என்பது இங்கே பல பயிற்சியாளர்களுக்கு உள்ள பைத்தியம். இவருக்கு அது முற்றிப்போயிருந்தது. ஒரு தடவை வழியை மறித்த காரை ஆட்டக்காரர்களை விட்டே தூக்கி ஓரமாக வைத்தார். பேருந்தை ஓட்டியது ஹூபர்ட்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தோற்றால் கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள் என்ற ஆட்டத்துக்குப் போன காலை. "குறுக்கு வழிடா, இதுல திரும்பு," என்று சொன்னதும் அவர்தான். முட்டுச்சந்து. பையன்கள் எல்லாம் தூக்கம். அப்பா அவன் காதோடு சொன்னார்: "பின்னால எடு. சத்தமில்லாம எடு."

எடுத்தான். வண்டி பீப் பீப் என்று கத்தியது. எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். முதலில் எழுந்து நின்றவர் அப்பா.

"யாரைக் கேட்டுடா பின்னால எடுத்தே?"

அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். அப்பாவை இருபது பேர் முன்னால் பொய்யராக்க அவனுக்கு மனசு வரவில்லை. தோற்றார்கள். அவரை அனுப்பிவிட்டார்கள், வேறு எந்தக் கழகமும் கூப்பிடவில்லை. அதன்பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டது, மாத்திரை கொடுத்தது, குளிப்பாட்டியது எல்லாம் ரிவர்ஸ்தான். ரொட்டிக் கடையில்கூட அதுதான் அவன் பெயர்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கோழி சூப்பை ஊட்டிக்கொண்டே 'நான்தான் சொன்னேன்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அப்பா வாயைத் துடைக்கச் சொல்லிவிட்டு, "நம்ம பசங்க ஜெயிச்சாங்களா?" என்றார்.

"ஜெயிச்சாங்கப்பா."

ஜெயிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

மணி பன்னிரண்டு அடித்தது. தாமியான் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தான். "என்னண்ணே செய்ய? எடுத்தா இவங்க என்னை உயிரோட விட மாட்டாங்க."

இப்போது சொல்லிவிடலாம். அப்பா எழுந்து நிற்கப் போவதில்லை. ஹூபர்ட் கண்ணாடியை முழுக்க இறக்கினான். கெரார்டின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. 'அன்னிக்கு அப்பாதான் சொன்னாரு' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பின்னால எடு தம்பி," என்றான், சந்து முழுக்கக் கேட்கும்படி. "நான்தான் எடுக்கச் சொன்னேன். இந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. கெரார்ட் அவனையே பார்த்தான், பிறகு பெட்டி இருந்த பக்கம் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் ஒருக்களித்துப் பின்னால் நகர்ந்தான்.

வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு கிளம்பியது. மலர்வளையங்கள் சரசரத்தன. பெட்டி மெல்ல நகர்ந்து வந்து, ஹூபர்ட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒரு தரம் முட்டி நின்றது.