பேட்டரியின் பழக்கம்

அன்று பிற்பகல் பஞ்சாயத்து ரேடியோ அறையில் இருந்தவர்கள்: தலைவர் ரத்தினவேல். அவருடைய மச்சினன் நாகராசு, கீரனூரில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருப்பவர். புகார் சொன்ன குழந்தைசாமி. ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் ஞானராஜ். அவன் மனைவி சூசைமேரி, வாசற்படிக்கு வெளியே. மேசைமேல் பேட்டரியும் ஒரு துண்டுச் சூடமும் இருந்தன.

ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அரசாங்கம் கொடுத்த ரேடியோ அந்தப் பேட்டரியில்தான் பாடியது. கொஞ்ச காலமாக மாலைச் செய்திக்கு முன்பே அடங்கிவிடுகிறது. கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு ஞானராஜ் அதைத் திருட்டுத்தனமாகக் கொடுத்து வாங்குகிறான் என்பது புகார். உண்மையென்றால் வேலை போகும், திருட்டுப் பட்டமும் ஒட்டிக்கொள்ளும்.

“சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க” என்றான் குழந்தைசாமி.

“சர்ச்சுக்குப் போற வேதக்காரன் அணைச்சா அது செல்லுமாய்யா? பேட்டரியே சொல்லட்டும்” என்றார் ரத்தினவேல்.

நாகராசு அதை நன்றாகச் சார்ஜ் செய்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். ஒரு பல்பை மாட்டினார்கள். பொழுது சாயும்வரை எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஞானராஜ்தான் திருடன். எல்லோர் கண்முன்னும் சீக்கிரம் அணைந்தால் அவன் திருடவில்லை.

ஞானராஜ் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் விழுந்த வெயில் நகர்வதற்குள் வெளிச்சம் சிவந்தது. பிறகு இழை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

சூசைமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா ஐயா? ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட வராம, இதே பல்ப மாட்டி அணையுற வரைக்கும் காவல் காக்குற மனுசன். இவரா திருடுவாரு?”

ரத்தினவேல் திரும்பினார். “எதுக்குப்பா அணையுற வரைக்கும் எரிச்சே?”

“பேட்டரிக்குப் பழக்கம் உண்டுங்க. தெனம் கொஞ்ச நேரமே ஓட்டினா அதுக்கு மேல ஓடாதாம். வாரம் ஒருக்கா சுத்தமா எறக்கிட்டா அந்தப் பழக்கத்த மறந்துருமாம்.”

“அடுத்து வெத்தலை பாக்குக் கேக்குமோ?” என்றான் குழந்தைசாமி.

“அப்படி உண்டா மாப்ளே?” என்று நாகராசுவைக் கேட்டார் ரத்தினவேல்.

நாகராசு மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். “பழக்கமாவது, ஞாபகமாவது! ஈயத் தகட்டுப் பேட்டரி மச்சான் இது. வத்த வத்த எறக்கினா தகட்டுல வெள்ளை பூத்துரும். பூத்திருக்கு, பாருங்க. இனி தேறாது. கொன்னுட்டான்.”

“நீங்கதானேண்ணே சொன்னீங்க!” என்றான் ஞானராஜ்.

“நானா? எப்ப?”

“ஒங்க கடையில வச்சுச் சொன்னீங்க. அதுனாலதானே வாராவாரம் ஒங்ககிட்டயே தூக்கிட்டு வந்தேன்.”

அந்த அறைக்கு அது புரிய நேரமாகவில்லை. வற்றிய பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் நாகராசு, செத்ததற்குப் பதில் புதியதை விற்பதும் நாகராசு.

ரத்தினவேல் மேசையைக் காட்டினார். “ரேடியோ ரூம் சாவிய மேசைமேல வையி. மாப்ள சொல்லித்தான் செஞ்சேன்னா ஒம்மேல குத்தமில்ல, சாவி ஒனக்கே. இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கிறேன்.”

ஞானராஜ் சாவியை வைத்தான். சூடத்தை எடுத்தான். “நான் அணைச்சாத்தானே செல்லாது. நாகராசண்ணன் அணைக்கட்டும்.”

“பேட்டரிகிட்ட நெருப்பு ஆகாது” என்றார் நாகராசு. “வெடிச்சுரும்.”

“அப்ப வெளிய வாங்க.”

அவன் படியிறங்கினான். மண்ணில் சூடத்தை வைத்துக் குந்தினான். காற்று படாமல் சூசைமேரி சேலையால் மறைக்க, பற்ற வைத்தான்.

“வாங்கண்ணே. நான் சொல்லலன்னு சொல்லி அணைச்சிட்டுப் போங்க. இனி ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்.”

உள்ளே நாகராசு வேட்டியில் ஆசிட் தின்ற ஓட்டைகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ரத்தினவேல் மச்சினனைப் பார்த்தார். கீழே எரியும் சூடத்தைப் பார்த்தார். அது பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். தனக்குக் கொடுக்கத்தான் வருகிறார் என்று ஞானராஜ் எழுந்து நின்றான்.

ரத்தினவேல் கதவைச் சாத்தினார். உள்பக்கம் சாவி திரும்பியது.